வீட்டில் பிறந்த பாட்டு சபைக்கு ஆகாதா?



இவ்வாரத் தியானப் பகுதி: சங்கீதம் 120 முதல் 134 வரை.

சில வாரங்களாக நம் சபையில் ஒரு கேள்வி எழுந்து நிற்கிறது. நம் வாலிபர் சிலர் தாங்களே இயற்றிய கிராமிய மெட்டுப் பாடல்களைத் தங்கள் வீட்டில் அமர்ந்து, கைபேசியில் பதிவு செய்து, ஒரு தொகுப்பாக நம்மிடம் பகிர்ந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் பட்டுச் சேலை மூட்டையோடு ஊர் ஊராகச் சென்று வந்தவர். மற்றொருவர் பெங்களூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவர். அந்தப் பாடல்களை ஞாயிறு ஆராதனையில் பாடலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

“பாட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்கிறதே, ஐயா, சென்னையில் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடி வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்றார் ஒரு பெரியவர். “கிராமத்து மெட்டு ஆராதனைக்கு ஏற்றதல்ல” என்றார் வேறொருவர். இரண்டையும் மரியாதையோடு கேட்டுக்கொண்டேன். என் கருத்தை இங்கே எழுதுகிறேன். அந்தப் பாடல்களை நாம் பாடலாம், பாடவும் வேண்டும். அதற்கான காரணங்களைப் பொறுமையோடு வாசித்து, வேதத்தின் வெளிச்சத்தில் சீர்தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வழியிலும் வீட்டிலும் பிறந்தவை

சங்கீத புத்தகத்தில் 120 தொடங்கி 134 வரையுள்ள பதினைந்து சங்கீதங்களும் ஒவ்வொன்றாக “ஆரோகண சங்கீதம்” என்ற தலைப்பைத் தாங்கியிருக்கின்றன. ஆரோகணம் என்றால் ஏறுதல். பண்டிகைக் காலங்களில் எருசலேமை நோக்கி மலைவழி ஏறிச் சென்ற யாத்திரிகர் பாடியவை இவை என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. இவற்றை ஒரே அமர்வில், உரத்த குரலில் வாசித்துப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு பயணம் முழுவதும் உங்கள் கண்முன் விரியும்.

முதற்பாட்டு அந்நிய மண்ணில் தொடங்குகிறது. மேசேக்கிலும் கேதாரின் கூடாரங்களிலும் தங்கியிருப்பவனின் ஏக்கம் அதில் இருக்கிறது. அடுத்தது மலைகளை ஏறிட்டுப் பார்க்கும் வழிப்போக்கனின் பாட்டு. பின்பு எருசலேமின் வாசலில் கால் பதித்த மகிழ்ச்சி. அதன்பின் வருபவை நமக்கு வியப்பைத் தரக்கூடும். விதைப்பும் அறுப்பும், வீடு கட்டுதலும், உறங்காமல் உழைப்பவனின் களைப்பும், பந்தியைச் சுற்றி அமர்ந்த பிள்ளைகளும், முதுகில் உழப்பட்டதுபோல் துன்புற்றவனின் தழும்பும், தாய்மடியில் அமைதியுற்ற குழந்தையும் அங்கே பாடுபொருளாகின்றன. தேவாலயத்தை நோக்கி நடந்தவர்கள் தங்கள் வயலையும் அடுப்பையும் பிள்ளைகளையும் பாட்டுக்குள் வைத்துச் சுமந்து சென்றார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இப்பதினைந்தில் நான்கு தாவீதின் பெயரையும், ஒன்று சாலொமோனின் பெயரையும் தாங்கியுள்ளன. எஞ்சிய பத்துக்கு ஆசிரியர் பெயரே இல்லை. யாரோ ஒருவர் நடந்த களைப்பில் பாடினார். உடன் நடந்தவர்கள் அதை வாங்கிப் பாடினார்கள். பின்வந்த தலைமுறைகள் அதைக் காத்து வைத்தன. அவற்றையே நாம் இன்று பரிசுத்த வேதமாக வாசிக்கிறோம்.

நம் ஆண்டவரும் பாடினார். மத்தேயு 26:30 அதைச் சாட்சியாகச் சொல்கிறது. பஸ்கா பந்தி முடிந்ததும் ஆண்டவரும் சீஷரும் ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டு ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள். அது யாரோ ஒருவர் இரவலாகத் தந்த வீட்டின் அறை. அங்கே பாடகர் குழு இல்லை. அடுத்திருந்ததோ கெத்செமனேக்குச் செல்லும் நடை.

பரட்டை அண்ணன் திறந்த வழி

நம் தமிழ்ச் சபைக்கு இது புதிய செய்தியன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியபோது, ஊர் ஊராய்ச் சென்று குறி சொல்லும் குறத்தியின் பாட்டு வடிவத்தை நற்செய்திக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் காலப்போக்கில் நம் ஆராதனையில் இரண்டு இசை மரபுகளே வேரூன்றின. மேற்கத்திய மெட்டில் அமைந்த பாமாலையும் ஞானப்பாட்டும் ஒன்று. கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனை மற்றொன்று. இரண்டும் நமக்குக் கிடைத்த செல்வங்களே. எனினும் வயலிலும் தறியிலும் தெருவிலும் பாடிய நம் பெரும்பாலான மக்களின் சொந்த இசை ஆலயத்தின் வாசலுக்கு வெளியே நின்றது.

அந்த வாசலை அகலத் திறந்தவர்களுள் முதன்மையானவர் தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005). “பரட்டை அண்ணன்” என்று அன்போடு அழைக்கப்பட்டவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தவர். மேற்கத்திய இசையை நன்கு அறிந்தவர். ஆகவே அவர் கிராமிய இசையிடம் சென்றது வேறு இசை தெரியாததால் அன்று; தெரிந்து, எண்ணிப் பார்த்து, தெரிவு செய்து சென்றார். பாவ அறிக்கையும் ஆண்டவர் கற்பித்த ஜெபமும் உட்பட ஓர் ஆராதனை முறைமையையே கிராமிய இசையில் அமைத்தார். பேச்சுத் தமிழில் எழுதினார். சாவு வீட்டுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்கப்பட்ட பறையை வழிபாட்டுக்குள் மதிப்போடு அழைத்து வந்தார். கடவுளைத் தாயாகவும் தகப்பனாகவும் ஒருசேர நினைக்கும்படி, பெற்றவர் என்னும் பொருள்படும் சொல்லால் அழைக்கக் கற்றுத் தந்தார்.

அவருடைய சிந்தனையில் மூன்று கருத்துகளை நாம் இன்று நினைவுகூர வேண்டும்.

முதலாவது, கிராமியப் பாட்டுக்குக் கட்டணம் இல்லை. அதைக் கற்கப் பல ஆண்டுப் பயிற்சியோ, விலையுயர்ந்த கருவியோ, அச்சிட்ட நூலோ தேவையில்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். எழுத்தறியாத தாயும் இரண்டாம் முறையிலேயே பாடகராகிவிடுவார்.

இரண்டாவது, கிராமியப் பாட்டு பாடுகிறவர்களால் மீண்டும் மீண்டும் படைக்கப்படுகிறது. ஓர் ஊரில் ஒரு சொல் மாறும். மற்றோர் ஊரில் ஓர் அடி கூடும். இயற்றியவர் அதைக் கண்டு வருந்த வேண்டியதில்லை, பாட்டு மக்களுடையதாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்றே அப்பாவு ஐயர் கருதினார். வாய்வழியாகவும் ஒலிநாடாக்கள் வழியாகவும் அவர் பாடல்கள் ஊர்களுக்குச் சென்றன. சென்ற இடத்தில் அந்த ஊர்க்காரர்களின் பாடல்களாயின.

மூன்றாவது, “ஒரே உலை” என்னும் எண்ணம். எல்லாருக்கும் ஒரே பானையில் சோறு வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்ணும் வாழ்வே திருவிருந்தின் பொருள் என்று அவர் பாடியும் போதித்தும் வந்தார். தனித்தனி உலை வைத்துக்கொண்டு ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவது எப்படி என்ற கேள்வி அவர் பாடல்களுக்கு அடியில் இருந்துகொண்டே இருக்கிறது.

அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் 1990களில் மதுரைக்கு வந்து இப்பாடல்களை ஆராய்ந்தார். 2014இல் இண்டியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் அவருடைய நூலை வெளியிட்டது. கடல் கடந்து வந்தவர் பொருட்படுத்தி ஆராய்ந்த செல்வத்தை, அதற்கு உரிமையுள்ள நாம் “ஏற்றதல்ல” என்று ஒதுக்கலாமா?

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் அன்போடு சொல்ல வேண்டும். கிராமத்து மெட்டு நாகரிகமற்றது என்று நாம் சொல்லும்போது, அதில் இசைச் சுவை எவ்வளவு, சாதிப் பார்வை எவ்வளவு என்று ஒவ்வொருவரும் தம் உள்ளத்தைக் கேட்க வேண்டும். பறையடித்தவர் யார், கும்மி கொட்டியவர் யார், ஒப்பாரி வைத்தவர் யார் என்பதை வைத்தே அந்த இசைகளுக்கு மதிப்புக் குறைத்தோம். சிலுவையண்டையில் அந்த அளவுகோலுக்கு இடமில்லை. நம்முடைய இந்தப் பகுதி தெருக்கூத்தின் தாய்மண். செய்யாற்றுப் பக்கம் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் வளர்த்த கூத்தை உலகமே மதித்துப் பார்த்தது. ஆடி மாதத்தில் நம் படவேட்டுக்கு வரும் மக்களின் பம்பையும் உடுக்கையும் நம் காதுக்குப் புதியவை அல்ல. இந்த மண்ணின் தாளம் நம் பிள்ளைகளின் கைகளில் இருப்பது இயல்பு. அதை ஆண்டவருக்கென்று அவர்கள் கொண்டு வரும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாகாது.

ஒரு ஒலிநாடாவின் சாட்சி

“சரி, மெட்டு இருக்கட்டும்; பதிவாவது தரமாக இருக்க வேண்டாமா?” என்பது அடுத்த கேள்வி. அதற்கு மறுமொழியாகத் தொலைவிலுள்ள ஒரு சகோதரரின் கதையைச் சொல்கிறேன்.

ரிச் மல்லின்ஸ் என்பவர் 1955இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்த கிறிஸ்தவப் பாடகர். 1988இல் வெளிவந்த ஒரு பாட்டு அவர் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றது. புகழும் பணமும் தேடி வந்த அந்த நாள்களில், தம் வருமானம் எவ்வளவு என்று தமக்கே தெரியாதபடி அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். நாட்டில் ஒரு சராசரித் தொழிலாளி பெறும் கூலியளவு மட்டும் தமக்குத் தரும்படியும், மீதியை நற்பணிகளுக்குக் கொடுத்துவிடும்படியும் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்தார். அசிசி பிரான்சிசின் எளிய வாழ்வு அவரை ஈர்த்திருந்தது. 1995இல் இசைக் கல்வியில் பட்டம் பெற்றபின், அரிசோனா–நியூ மெக்சிகோ எல்லையில் நவாஹோ என்னும் பூர்வகுடி மக்களிடையே சென்று வாழ்ந்து, அங்குள்ள பிள்ளைகளுக்கு இசை கற்பித்தார்.

1997 செப்டம்பர் 10ஆம் நாள், கைவிடப்பட்ட ஒரு பழைய ஆலயத்தில் அமர்ந்து, இயேசுவின் வாழ்வைப் பற்றித் தாம் இயற்றிய 9 பாடல்களை ஒரு சாதாரண ஒலிநாடாப் பெட்டியில் பாடிப் பதிவு செய்தார். பின்னால் முறைப்படி ஓர் இசைத்தொகுப்பு செய்வதற்கான முதல் வரைவு அது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 19ஆம் நாள் இரவு, ஒரு நிகழ்ச்சிக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தபோது நெடுஞ்சாலை விபத்தில் அவர் கர்த்தருக்குள் மரித்தார். வயது 41.

அந்த ஒலிநாடா மட்டும் மிஞ்சியது. 1998இல் அவருடைய இசைத் தோழர்கள் அப்பாடல்களை ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியங்களோடு மீண்டும் பாடி வெளியிட்டார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் என்னவென்றால், அந்தக் கரடுமுரடான ஒலிநாடாவையும் திருத்தாமல் மற்றோர் இசைத்தட்டாக அதனோடு சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். ஒன்று நன்றாக இசைக்கப்பட்டிருக்கிறது. மற்றொன்றில் ஒரு மனிதன் தன் ஆண்டவரோடு தனித்திருக்கிறான். தோழர்களின் பாடலைக் கேட்டு நான் மகிழ்கிறேன்; அந்த ஒலிநாடாவைக் கேட்கும்போது ஜெபிக்கத் தோன்றுகிறது.

இசையை வணிகமாகக் கொண்ட உலகமும் இதை ஒருமுறை ஒப்புக்கொண்டது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்ற பெரும் பாடகர் 1982இல், தாம் குடியிருந்த வாடகை வீட்டில் ஒலிநாடாக் கருவியில் தனியே பாடிப் பார்த்தார். பிறகு தம் குழுவோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அவற்றை மீண்டும் இசைத்தபோது முதல் பதிவின் உயிர் அதில் வரவில்லை. கடைசியில் வீட்டில் பதிவு செய்த ஒலிநாடாவையே இசைத்தட்டாக வெளியிட்டார்.

நீங்கள் நெசவை அறிந்தவர்கள். தறியில் நாடா ஓடும்; அது ஊடையை இடமும் வலமும் கொண்டு சேர்க்கும். ஆனால் முன்கூட்டியே பாவு இழுத்துக் கட்டியிராவிட்டால் நாடா எவ்வளவு வேகமாக ஓடியும் துணி விழாது. ஒலிநாடாவும் கைபேசியும் அப்படியே. வாழ்ந்த வாழ்வும், நடந்த வழியும், செய்த ஜெபமும் பாவாக இருக்குமானால் எளிய கருவியிலும் பாட்டு உருவாகும்.

நேர்த்தி வேண்டாமா?

வேண்டும். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். 1 நாளாகமம் 15:22இல் கெனானியா என்ற லேவியன் சங்கீதத் தலைவனாயிருந்ததற்குக் காரணம் அவனுடைய தேர்ச்சி என்று வாசிக்கிறோம். ஆண்டவருக்குப் பாடுகிறோம் என்ற பெயரில் ஒத்திகை பார்க்காமல், சுருதி சேர்க்காமல், சொற்களை மறந்துவிட்டு வந்து நிற்பது அலட்சியம். அப்பாவு ஐயரும் மல்லின்சும் தங்கள் கலையை முயன்று கற்றவர்கள்.

அதுபோலவே பாட்டின் உபதேசத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். கொலோசெயர் 3:16 பாட்டைக் கிறிஸ்துவின் வசனத்தோடும் ஒருவருக்கொருவர் போதிப்பதோடும் இணைத்துப் பேசுகிறது. நம் வாலிபரின் பாடல்களை நானும் சபை மூப்பர் இருவரும் வரிவரியாக வாசித்தோம். இரண்டு இடங்களில் சொல்லை மாற்றும்படி சொன்னோம், மனமுவந்து மாற்றினார்கள்.

ஆனால் நேர்த்தி வேறு, பகட்டு வேறு. கோலியாத்தை எதிர்க்கப் போன தாவீதுக்குச் சவுல் தன் கவசத்தை அணிவித்தான். கவசத்தில் குறையில்லை, தாவீதுக்கு அது பழக்கமில்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கைக்குப் பழகிய கவணை எடுத்துக்கொண்டான். கவணெறிவதில் அவன் தேர்ந்தவன் என்பதை மறக்க வேண்டாம். நம் சபை இப்போது சவுலின் கவசத்தை அணிந்து பார்க்கும் நிலையில் இருக்கிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் கரோக்கி இசையைப் போட்டு, நான்கு பேர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கும் வழக்கம் மெல்ல மெல்ல வந்துவிட்டது. அந்த இசையின் வேகத்துக்கு நம் தாய்மார்களால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அவர்கள் இப்போது உதட்டை மட்டும் அசைக்கிறார்கள். சிலர் அதையும் விட்டுவிட்டார்கள். பீடத்தில் நின்று பார்க்கும் எனக்கு அது நன்றாகத் தெரிகிறது.

சபையின் வாய் அடைபடுமானால் எவ்வளவு இனிமையான இசை கேட்டும் பயனில்லை. பவுலும் சீலாவும் பிலிப்பியச் சிறையில் நடுராத்திரியில் பாடியபோது அவர்கள் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருந்தன. காவலில் இருந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 16:25 சொல்லுகிறது. நாளை நமக்கும் ஒரு நடுராத்திரி வரும். மருத்துவமனைக் கட்டிலில், கடன் நெருக்கத்தில், துக்க வீட்டில் இசைத்தடம் இராது, ஒலிபெருக்கி இராது. நாவில் பதிந்த பாட்டு மட்டுமே துணை நிற்கும். இப்போது பாடிப் பழகாதவன் அப்போது எதைப் பாடுவான்?

நாம் செய்யத்தக்கவை

அடுத்த மாத முதல் ஞாயிறு முதல், நம் வாலிபரின் பாடல்களில் ஒன்றை ஆராதனையில் கற்றுக்கொள்வோம். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, சபையார் திருப்பிப் பாடுவோம். கையால் தாளம் போட்டால் போதும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டையாவது எந்த வாத்தியமும் இல்லாமல், ஒலிவாங்கியும் இல்லாமல் எல்லாரும் சேர்ந்து பாடுவோம். பாமாலையோ கீர்த்தனையோ எதுவாயினும் சரி. நம் குரல் நம் காதில் விழ வேண்டும்.

வாலிபர்களே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டுப் பாட்டிமார், தாத்தாமார் அறிந்த பழைய பாடல்களைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். தறியில் அமர்ந்தபடி பாடினால் தறியை நிறுத்தச் சொல்லாதீர்கள். அந்த ஓசையும் அவர்கள் ஜெபத்தின் பகுதிதான். அவர்கள் அனுமதியின்றி அதை வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். யார் பாடியது, யாரிடமிருந்து கற்றது என்பதையும் குறித்து வையுங்கள். அந்தக் குரல்களில் சில அடுத்த ஆண்டு நம்மோடு இராமற்போகலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பாடும்போது முதலில் குறையைச் சொல்லாமல் உடன் பாடுங்கள். பாடி முடித்தபின், அருகில் அழைத்துத் திருத்துங்கள். வீட்டில் பாடுகிற பிள்ளையை நாம் தடுத்தால், அவன் வேறெங்காவது போய்ப் பாடுவான், நம்மோடு பாடமாட்டான்.

ஜெபிப்போம்.

வழிநடையில் எங்களோடு வருகிற ஆண்டவரே, மேல்வீட்டறையில் சீஷரோடு பாடினவரே, எங்கள் வீடுகளிலும் தறிகளிலும் பிறக்கும் பாடல்களை ஏற்றுக்கொள்ளும். எங்கள் உள்ளத்தில் மறைந்திருக்கும் பெருமையையும் பிரிவினையையும் நீக்கியருளும். மௌனமாய்ப்போன எங்கள் தாய்மாரின் நாவைத் திறந்தருளும். எங்கள் வாலிபரின் கைகளையும் குரலையும் உமக்கென்று காத்துக்கொள்ளும். ஒரே உலையில் உண்டு, ஒரே குரலில் பாடி, உம்முடைய பட்டணத்தை நோக்கி நாங்கள் சேர்ந்து நடக்கக் கிருபை தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

உங்கள் ஆயர்,
படவேடு